ஓட்டுநர் இல்லாத ரயிலும் என் அண்ணனும்

சென்னையில் புதிதாகப் போடப்போகும் மேம்பால ரயில் பாதையில் எனக்கு வேலை கிடைத்தபோது, வீட்டில் என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டவன் என் அண்ணன்தான். பாதையைக் கட்டும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் மண் பரிசோதனைப் பிரிவு. சிவில் டிப்ளமோ படித்துவிட்டு இரண்டு வருடம் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்த எனக்கு அதுவே பெரிய விஷயம். அண்ணனின் கணக்கு வேறு. புதுப் பாதை வந்தால் புது ரயில் வரும், புது ரயில் வந்தால் அதை ஓட்ட ஆள் எடுப்பார்கள்.

அவன் எலக்ட்ரிகல் டிப்ளமோ. நகரத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ரயிலுக்கு ஓட்டுநர் எடுத்தபோது தேர்வு எழுதி, கடைசிக் கட்டம் வரை போய் விட்டுப்போனது. அடுத்த முறை வாங்கிவிடலாம் என்று எங்கள் ஊர் வடக்கனந்தலில் கொல்லைப் பயிரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். என்னை வேலையில் சேர்க்கச் சென்னைக்கு வந்தவன், ஹாஸ்டலில் பெட்டியை வைத்ததும் என்னை அந்த ரயிலில் ஏற்றினான். முதல் பெட்டியில் ஓட்டுநர் அறையின் கதவை ஒட்டி நின்றுகொண்டான். கடைசி ஸ்டேஷன் வரை போனோம். அதே ரயிலில் திரும்பினோம். கதவு மூடித்தான் இருந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அவன் வலது கை லேசாக அசைந்ததை நான் பார்த்தேன்.

தூண் நிறுத்துவதற்கு முன்னால் அந்த இடத்து மண்ணைத் துளைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். நடுரோட்டில் தகரம் அடைத்து, அதற்குள் துளை போடுவார்கள். மேலே வரும் மண்ணும் பாறையும் மரப்பெட்டியில் வரிசையாக வைக்கப்படும். எது களிமண், எது மணல், பாறை எங்கே தொடங்குகிறது என்று எழுதுவது என் வேலை. அண்ணன் தினமும் போன் பண்ணுவான். சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பான்.

“எது வரிக்கும் வந்துக்கிது பாப்பா?”

தூணே இன்னும் வரவில்லை என்று நான் சொன்னால், “மெதுவா வரட்டும், ஸ்ட்ராங்கா வரட்டும்” என்பான். ஏதோ அவன் வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவதுபோல.

ஒரு நாள் எங்களைப் போன்ற புதிய ஆட்களை எல்லாம் உட்காரவைத்து, பாதை எப்படி இருக்கும் என்று திரையில் காட்டினார்கள். வளைவுகள், ஸ்டேஷன்கள், பிளாட்பாரத்தின் ஓரத்தில் கண்ணாடிக் கதவுகள். பிறகு ரயிலைக் காட்டினார்கள். காலையில் தானாகவே பணிமனையை விட்டுக் கிளம்பும். தானே நிற்கும், தானே கதவு திறக்கும், ராத்திரி தானே போய்ப் படுத்துக்கொள்ளும் என்று அதை விளக்கிக்கொண்டிருந்த பொறியாளர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் அவன் போன் பண்ணியபோது சொல்லிவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

“அப்ப யாரு ஓட்டுவாங்க?”

“யாரும் இல்லண்ணா. கம்ப்யூட்டர்தான்.”

அவன் பக்கம் பம்புசெட் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, ஆரம்பத்திலாவது ஒரு ஆளை உள்ளே வைக்க மாட்டார்களா என்று கேட்டான். வைக்கலாம் என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பல முறை நினைத்திருக்கிறேன். ஆனால் அது பொய் இல்லை. கொஞ்ச காலத்துக்கு ஆள் இருப்பார்கள் என்றுதான் எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். அவன் அந்தக் கொஞ்ச காலத்தைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு கொரோனா வந்தது. தகரத்துக்குள் வேலை நின்றது. நான் ஊருக்கு வந்து சில மாதம் இருந்தேன். நான் அங்கே இருக்கும்போதே, அந்த வருடக் கடைசியில், மழை விட்டும் விடாமலும் இருந்த நேரத்தில், எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் தொடங்கியது. இது எங்களுக்குப் புதிது இல்லை. அப்பா இளைஞராக இருந்தபோது இதே கோரிக்கைக்காக ரோட்டில் உட்கார்ந்து அடி வாங்கியவர். அவருடைய இடது கை இடுப்புக்கு மேலே எழாது. அம்மாதான் சட்டை மாட்டிவிடுவார். அந்தக் கையைப் பார்த்து வளர்ந்த அண்ணனை யாரும் கூப்பிடத் தேவையிருக்கவில்லை. தனி ஒதுக்கீடு கிடைத்தால் ஏதாவது ஒரு அரசு வேலையில் தனக்கும் ஒரு இடம் இருக்கும் என்று அவன் நம்பினான். அவனோடு படித்தவர்கள் எல்லோரும் நம்பினார்கள். அம்மா மட்டும் போக வேண்டாம் என்றார்.

சின்னசேலம் பக்கம் தண்டவாளத்தில் உட்காருவது என்று முடிவானது. பயணிகள் ரயில் அதிகம் ஓடாத நேரம் அது. வந்தது ஒரு கூட்ஸ். தூரத்திலேயே போராட்டக் கொடியைப் பார்த்து மெதுவாகி, இவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டதாம். கோஷம் போட்டார்கள். நிறைய பேர் தண்டவாளத்திலேயே உட்கார்ந்திருக்க, அண்ணன் மட்டும் எழுந்து இன்ஜின் பக்கத்தில் போய் நின்றான். மறிப்பதற்கு அல்ல. கேபினுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு.

அவன் வீட்டுக்கு வந்து அதைத்தான் என்னிடம் முதலில் சொன்னான். “அந்த டிரைவருக்கு என் வயசுதான் இருக்கும் பாப்பா. வடக்கத்திக்காரரு. தமிழ் தெரில. தண்ணி கேட்டாரு, பாட்டில குடுத்தேன். இன்னா படிச்சீங்க, எப்பிடி சேந்தீங்கன்னு கேக்கலாம்னு பாத்தா, எனக்கு அவரு பாஷ வரல.”

இன்ஜின் ஏணியில் ஒரு காலை வைத்து அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தபோது யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். படத்தில் பாட்டில் சரியாகத் தெரியவில்லை. கை மட்டும் ஓங்கியபடி தெரிந்தது. அன்றைக்கே அது எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் பெருமையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வழக்குப் பதிவானபோது அண்ணன் பெயர் முதலில் இருந்தது.

கொஞ்ச மாதத்தில் சட்டம் வந்தது. தெருவில் பட்டாசு வெடித்தார்கள், அப்பாவுக்குத் துண்டு போட்டார்கள். அவர் ஒற்றைக் கையால் கும்பிட்டார். அண்ணன் பழைய புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டினான். அந்த வருடம் முடிவதற்குள் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. மேலே போனார்கள், அங்கேயும் அதே பதில். டிவியில் அதைக் கேட்டதும் அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். சட்டம் போய்விட்டது. வழக்கு மட்டும் இருந்தது.

அதற்குள் எங்கள் பாதையில் தூண்கள் வரிசையாக எழுந்துவிட்டன. சில இடங்களில் மேலே பாலமும் வந்துவிட்டது. மின்கம்பி வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எங்கள் மேலதிகாரியிடம் கேட்டு, அண்ணனுக்கு அந்த ஒப்பந்தக்காரரிடம் ஓர் இடம் சொல்லிவைத்தேன். நிரந்தரம் இல்லை. ஆனாலும் பாதையில் கால் வைக்கலாம். நாளைக்கு ரயில் ஓட ஆரம்பிக்கும்போது உள்ளே ஆள் கேட்டால் பக்கத்தில் இருப்பான். அவன் முடி வெட்டிக்கொண்டு, புது ஷூ வாங்கிக்கொண்டு வந்தான். மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்தது. கடைசியில் காவல் நிலையத்திலிருந்து நன்னடத்தைச் சான்று வாங்கிவரச் சொன்னார்கள்.

விசாரித்துவிட்டு, ரயிலை மறித்த வழக்கில் இருக்கும் ஆளை ரயில் வேலையில் எப்படிச் சேர்ப்பது என்று அந்த ஒப்பந்தக்காரர் என்னிடம் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வழக்கு முடிந்ததும் வரட்டும், பார்க்கலாம் என்றார். நான் பாட்டில் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

தகரத்துக்கு வெளியே டீக்கடையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தலைக்கு மேலே போன பாலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “ஒயரம் ஜாஸ்தியா இருக்குதில்ல” என்றான். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான்.

இப்போது கல்வராயன் மலையில் மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறான். வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஊர்களில் கிழங்கை ஏற்றி, கச்சிராயபாளையம் வழியாக இறங்கி, சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி மில்லில் இறக்குவான். வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. வாய்தாவுக்கு லாரியை ஒதுக்கிவிட்டுப் போவான். தண்டவாளத்தில் கூட உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் இறந்துவிட்டார், சிலர் துபாய் போய்விட்டார்கள். அவர்கள் வராததால் அடுத்த தேதி கொடுத்துவிடுகிறார்கள். போராட்ட வழக்குகளை வாபஸ் வாங்குவார்கள் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பாதையில் ரயிலின் சோதனை ஓட்டம் நடந்த வாரம் நான் ஊருக்குப் போயிருந்தேன். டிவியில் காட்டியதை அப்பா பார்த்தார். யாருமே இல்லாமல் ஓடுதே என்றார். தன் மகள் கட்டிய பாதை என்பது அவருக்குப் பெருமைதான், ஆனால் அண்ணன் உள்ளே வந்ததும் சேனலை மாற்றிவிட்டார். மறுநாள் அண்ணனோடு நானும் லாரியில் மலைக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அவனைத் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும் என்று தோன்றியது.

லோடு ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வளைவுகளில் அவன் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, எதிரே வருபவருக்கு இடம் விட்டு ஓட்டினான். மலைக்காரப் பெண் ஒருத்தி சாமை மூட்டையோடு கை காட்டினாள். ஏற்றிக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தில் நிறுத்தினான். நன்றாகத்தான் ஓட்டுகிறான். அவனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மலை இறங்கிச் சமதரைக்கு வந்ததும் அவனாகவே கேட்டான்.

“டிரைவரு ரூம்பே இல்லன்னா, முன்னாடி இன்னா இருக்குது?”

பெரிய கண்ணாடி இருக்கிறது, பயணிகள் யார் வேண்டுமானாலும் அங்கே நின்று பார்த்துக்கொண்டே போகலாம் என்றேன். வந்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் சொன்னேன்.

“சும்மா நின்னு பாத்துக்கினு போறதா?”

“ஆமாண்ணா.”

“நீ போய்ட்டு வா பாப்பா” என்றான். “எனக்கு வோணாம்.”

மில் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. எங்கள் முறை வரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். அவன் சீட்டுக்கு அடியிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்து அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். நான் என் பையை எடுத்துக்கொண்டு இறங்கி ரோட்டுக்கு வந்து சென்னை பஸ்ஸுக்காக நின்றேன். பாதையின் அடுத்த கட்டத்துக்கு மண் எடுத்துப் பார்க்கும் வேலை அந்த வாரம் தொடங்க இருந்தது.