துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

பீரோ என் அப்பா வீட்டுச் சீராக வந்தது. ஆனால் கல்யாணமான மூன்றாம் நாளே அதிலிருந்த என் பட்டுப்புடவைகளை எடுத்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு துப்பாக்கியை நிறுத்திவைத்தார் என் வீட்டுக்காரர். ஈரம் அண்டாத இடம் வீட்டிலேயே அது ஒன்றுதானாம். முப்பது வருஷம் என் புடவைகள் பாச்சை உருண்டையோடு பெட்டியில் கிடந்தன. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தினமும்தான் சொன்னேன்.

அது ரெட்டைக்குழல் துப்பாக்கி. சீமையில் செய்தது. என் மாமனாரின் அப்பா வாங்கியது, கைமாறிக் கைமாறி இவரிடம் வந்தது. ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முந்திரிக்கொல்லை இருக்கிறது. அங்கே பன்றி விரட்டத்தான் லைசென்ஸ். எனக்குத் தெரிந்து அவர் சுட்டது ஒரே ஒரு தடவை. பன்றி நின்று, நிதானமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. எங்கள் ஆடுதான் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, இரண்டு நாள் கழித்துப் பக்கத்து ஊரில் கிடைத்தது. அதோடு தோட்டா வாங்குவதையே விட்டுவிட்டார்.

சுடாத துப்பாக்கிக்கு நடந்த பணிவிடையைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வந்திருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் கூடத்தில் பாயை விரித்து, அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தையல் மெஷின் எண்ணெய் வேண்டும். புது வேட்டித் துணி சொரசொரப்பாம், நாள்பட்ட வேட்டியைக் கிழித்துத்தான் துடைக்க வேண்டுமாம். அடுப்படியில் பாத்திரம் இறக்க நான் எடுத்துவைத்த துணியெல்லாம் அப்படித்தான் போயின. போதாததற்கு நானும் எதிரில் உட்கார வேண்டும். குழலுக்கு அடியில் இருக்கும் மரக்கட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்து, "கீழ வச்சிராத" என்பார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு கீரை ஆய்வேன்.

ஆனால் எங்களுக்குள் பெரிய சண்டை வருவது ஆயுத பூசை அன்றுதான். அரிவாள், மண்வெட்டி, அருவாமணை, தண்ணீர் மோட்டார் என்று எல்லாவற்றுக்கும் நான் சந்தனம் குங்குமம் வைப்பேன். துப்பாக்கிக்கு மட்டும் மரத்தில் வை, இரும்பில் வைக்காதே என்பார்.

"சந்தனத்துல தண்ணி இருக்குடி. ஒரு ராத்திரியில இரும்பைத் தின்னுரும்."

மண்வெட்டியைத் தின்னாத சந்தனம் இதை மட்டும் தின்னுமா? சாமிக்கு முன்னால் வைத்த பொருளுக்கு முகத்தில் பொட்டு வைக்காமல் முதுகிலா வைப்பார்கள்? குழல் முடிந்து மரம் தொடங்குகிற இடத்தில், பக்கவாட்டில், தட்டையாக ஓர் இடம் பொட்டு வைக்கத்தான் செய்தது மாதிரி இருக்கும். ஏதோ நம்பர் வெட்டியிருந்தார்கள். அதன் மேலேயே வைப்பேன். பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆனால் துப்பாக்கியைத் திறந்த வீட்டில் போட்டுவைக்க முடியாது என்று அதை மட்டும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். பொட்டு அழியக் கூடாது என்று நான் கத்துவேன். சரி சரி என்று கதவைச் சாத்திக்கொள்வார். பூசை அலுப்பு, படுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நான் பாத்திரம் கழுவப் போவேன். பீரோ சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்தார். லைசென்ஸ்காரர் இல்லை என்றால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தேன். சனியன் விட்டது என்று பட்டுப்புடவைகளை எடுத்துப் பீரோவில் மாட்டினேன். ஒரு கையெழுத்துப் போட அடுத்த மாதம் ஸ்டேஷனுக்குப் போனபோது, பிடித்துவைத்த சாராயக் கேன்களுக்கும் மணல் வண்டி டயர்களுக்கும் நடுவில் அது தூசியோடு சாய்ந்து கிடந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எத்தனை வேட்டி கிழிந்திருக்கிறது அதற்கு. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு, ஒயர் கூடையில் எண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார்கள். என் வாய்க்குப் பயந்து ரைட்டர் ஒத்துக்கொண்டார். ஒரு போலீஸ்காரர் எதிரில் நிற்க, நான் பெஞ்சில் உட்கார்ந்து துடைப்பேன். அம்மா கைதியைப் பார்க்க வந்துவிட்டார்கள் என்று ரைட்டர் கிண்டல் செய்வார். ஊரிலோ என் மேல் ஏதோ கேஸ் என்று பேச்சு. ஜெயங்கொண்டத்திலிருந்து நாத்தனார் வந்து, ரகசியமாக, வக்கீல் வைத்தாச்சா என்று கேட்டாள். இருக்கட்டும் என்று நானும் விளக்கம் சொல்லவில்லை. அதன் பிறகு பஸ்ஸில் எனக்கு உடனே இடம் கிடைத்தது.

ஸ்டேஷனிலும் ஆயுத பூசை உண்டு. அன்று போய், பழைய இடத்திலேயே பொட்டு வைத்தேன். அடுத்த மாதம் துடைக்கும்போது அதை அழிக்க மனசு வரவில்லை. சுற்றி மட்டும் துடைத்தேன். அடுத்த வருஷமும் அப்படியே.

லைசென்ஸை என் பெயருக்கு மாற்றக் கேட்டு அரியலூர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருந்தேன். உங்களுக்கு எதற்கம்மா துப்பாக்கி என்றார் அங்கிருந்த அதிகாரி. பன்றி விரட்ட என்றேன். சுடத் தெரியுமா என்றார். என் வீட்டுக்காரருக்கும்தான் தெரியாது என்றேன். எப்படியோ ஒவ்வொரு மேஜையாக நகர்ந்து, கடைசியில் இன்ஸ்பெக்டர் துப்பாக்கியின் நம்பரைப் பார்த்து எழுதுவது மட்டும் பாக்கி நின்றது.

இன்ஸ்பெக்டர் பொட்டைச் சுரண்டினார். சந்தனத்துக்கு அடியில் செம்பட்டையாகத் துரு. தேய்க்கத் தேய்க்கத் துருதான் வந்தது. முதல் மூன்று எண் தெரிந்தது, கடைசி இரண்டு எண்ணைக் காணோம்.

"நம்பர் ஒத்துப்போகலன்னா பேர் மாத்த முடியாதும்மா. கிடங்குக்கு அனுப்பிருவாங்க. அங்க உருக்கிருவாங்க."

தலைமுறை தலைமுறையாகத் தப்பி வந்த பொருளை நான் சந்தனம் வைத்தே உருக்கப் போகிறேன். அப்போதுதான் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தது ஞாபகம் வந்தது. மரக்கட்டையைக் கழற்றினால் குழலின் அடியிலும் ஒரு நம்பர் இருக்கும். சொன்னேன். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இந்தக் காலத்துத் துப்பாக்கி பழகிய கைகள், இதை எங்கே அமுக்குவது என்றே தெரியவில்லை. கொடுங்கள் இப்படி என்று வாங்கி, தரையில் உட்கார்ந்து, வீட்டில் அவர் செய்கிற மாதிரியே கட்டை விரலால் அமுக்கி இழுத்தேன். கட்டை தனியே வந்தது. வைக்க இடமில்லாமல் இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தேன்.

"கீழ வச்சிராதீங்க சார்."

அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடிப்பக்கத்து நம்பரை ரைட்டர் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். ஐந்தும் லைசென்ஸோடு ஒத்துப்போனது. எனக்கு உயிர் வந்தது.

கையெழுத்துப் போடும்போது இன்ஸ்பெக்டர் பழைய காகிதத்தைப் புரட்டினார்.

"உங்க வூட்டுக்காரர் கடைசியா புதுப்பிக்கிறப்ப நம்பர் பளிச்சுன்னு இருந்துதுன்னு எழுதியிருக்கு. ரெண்டே வருசத்துல எப்படிம்மா இப்படித் தின்னுச்சு?"

இன்ஸ்பெக்டர் மடியிலிருந்த கட்டையை வாங்கி மாட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். முப்பது வருஷம் நான் வைத்த சந்தனம் தின்னாத நம்பரை, என் வீட்டுக்காரர் இல்லாத இரண்டு வருஷத்துச் சந்தனம் தின்றிருக்கிறது. அப்படியானால் கதவைச் சாத்திக்கொண்டு அவர் படுக்கவில்லை.

இப்போது பட்டுப்புடவைகள் மறுபடி டிரங்குப் பெட்டிக்குப் போய்விட்டன. இந்த வருஷ ஆயுத பூசைக்கும் அந்தத் தட்டையான இடத்தில்தான் பொட்டு வைத்தேன், வேறு இடத்தில் வைக்க என்னால் முடியாது. சூடம் காட்டினேன். பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, வேட்டித் துணியில் எண்ணெய் தொட்டுப் பொட்டைத் துடைத்தேன். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. இருந்தும், துடைத்து முடிக்கும்வரை ஒரு கண் கதவு மேலேயே இருந்தது.