பிசின் தடவாத இடம்

இது நடந்தது. கடல் கடந்து போன தமிழர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில், 1934-இல், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் அமாவாசை வேண்டும், புளியமரம் வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்கள் வேறு கதை தேடிக்கொள்ளலாம். இதில் அதெல்லாம் கிடையாது. சாத்திய அறை ஒன்று உண்டு. அதற்குள் இருந்தவள் சாந்தமேரி. பொய் சொல்லத் தெரியாதவள். அதனாலேயே ஊரில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது.

சாந்தமேரி படம் செய்கிறவள். வரைகிறவள் என்று சொன்னால் பாதிதான் உண்மை. செத்தவர்களின் புகைப்படத்தைப் பெரிதாக்கி, முகத்தை மட்டும் வெட்டிப் பலகையில் பதிப்பாள். உடம்பை வண்ணத்தில் எழுதுவாள். சேலைக்கு நிஜச் சேலைத் துண்டையே ஒட்டுவாள். நகைக்குச் சுண்ணாம்புப் பசையில் மேடு கட்டி, கண்ணாடிக் கல் வைத்து, மேலே தங்க ரேக்கு. கான்வென்டில் பிரெஞ்சுக்கார சிஸ்டர் ஒருத்தி சம்மனசு என்கிற தேவதூதர்களின் இறக்கைக்கு ரேக்கு ஒட்டியபோது, பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்ட வித்தை அது. ரயில்வே குவாட்டர்ஸுக்கு எதிரே, ஒரு மளிகைக் கடையின் மாடியறைதான் அவள் பட்டறை.

தங்க ரேக்கைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் மீதி புரியாது. அது தங்கத்தைத் தட்டித் தட்டிச் செய்த தாள், வெங்காயச் சருகைவிட மெல்லியது. விரலால் தொட்டால் விரலோடு போய்விடும். காற்றே ஆகாது. ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, வேர்வையில் குளித்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. பலகையில் பிசின் தடவிக் காயவிடுவாள். பிறகு வாயைக் கிட்டே கொண்டுபோய் 'ஹா…' என்று மூச்சின் ஆவியை விடுவாள். ஆவி பட்ட பிசின் இளகும். அந்த நேரம் பார்த்து ரேக்கை வைத்து, பஞ்சால் ஒற்றினால் பிடித்துக்கொள்ளும். பிசினும் ஈரமும் இல்லாத இடத்தில் ரேக்கு ஒட்டவே ஒட்டாது.

இந்தக் கதையில் வருகிற படத்தைச் செய்யச் சொன்னவன் கிரிகரி. கிள்ளானில் ரயில்வே கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. பெண்சாதி இஞ்ஞாசியம்மா செத்து வருஷம்கூடத் திரும்பவில்லை. அதற்குள் சாந்தமேரியின் தங்கை லூசியைப் பெண் கேட்டுவிட்டான். அப்பா வாலண்டைனுக்கு வாயெல்லாம் பல். ரயில்வே கேட் திறந்து மூடுகிறவருக்குக் கிராணி மாப்பிள்ளை என்றால் சும்மாவா? மாதா கோயிலில் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலைதான் பாக்கி. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் ஊரையே கேட்டார். லூசியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"மூத்த தாரத்தோட படம் கல்யாணத்துக்கு முன்னால சுவத்துல ஏறணும், மேரி" என்றான் கிரிகரி. புகைப்படத்தையும் செத்தவளின் ஊதாச் சேலையையும் மேசைமேல் வைத்தான். "தங்கத்த நல்லா இழைச்சுடு. பாக்குறவன் அசந்துபோகணும்."

"அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"காய்ச்சல் லா. எத்தன பேருக்குச் சொல்றது?"

புகைப்படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இஞ்ஞாசியம்மாவுக்குச் சின்ன வாய். அழுத்தி மூடிய வாய்.

சாந்தமேரி முகத்தைப் பதித்தாள். தலைக்கு மேல் கிரீடம் எழுதிப் பிசின் தடவினாள். ஒரு ரேக்கைத் தூரிகை நுனியில் எடுத்து முகத்தைக் கடந்து மேலே கொண்டுபோனாள். மூக்குக்கு நேரே வந்தபோது ரேக்கு அசைந்தது.

உள்ளே… வெளியே… உள்ளே… வெளியே…

ஜன்னலைப் பார்த்தாள். சாத்தியிருந்தது. என் மூச்சாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மூச்சையும் அடக்கிக்கொண்டாள்.

உள்ளே… வெளியே…

அன்று அதோடு வேலையை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், படத்தின் உதட்டில் பஞ்சு. ஒரு நாலைந்து இழை. சாந்தமேரி தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ரேக்கு ஒற்றுகிற பஞ்சு இழை விடும். யாருக்கும் நடப்பதுதான். ஊசிமுனையால் எடுத்துப் போட்டாள்.

அதற்கு மறுநாளும் பஞ்சு. இந்தத் தடவை அதிகம். ஒற்றுகிற பஞ்சைப் பட்டுத்துணியில் பொதிந்து கட்டினாள். ஓர் இழைகூட வெளியே வர வழியில்லை. ஆனாலும் அடுத்த நாள் உதட்டில் பஞ்சு இருந்தது. விரலால் தொட்டாள். வழுக்கியது. வெளிச்சத்தில் பிடித்தால் மின்னியது. ரேக்குத் தூள் ஒட்டியிருக்கும் என்று நினைத்தாள். தொழில் தெரிந்தவள் அல்லவா, எல்லாவற்றுக்கும் தொழிலிலேயே காரணம் தேடினாள். அதுதான் அவள் செய்த தப்பு.

வியாழக்கிழமை கிரிகரி படம் பார்க்க வந்தான். மேசைமேல் ரேக்குப் புத்தகம் திறந்திருந்தது. காலையிலிருந்தே அதன் தாள்கள் மெல்ல எழுந்து எழுந்து படிந்துகொண்டிருந்தன. கிரிகரியின் பூட்ஸ் சத்தம் படியில் கேட்டது.

தாள்கள் அப்படியே நின்றுவிட்டன.

அவன் படத்துக்கு முன்னால் நின்றான். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"வாய கொஞ்சம் சிரிச்ச மாதிரி பண்ண முடியாதா? உயிரோட இருந்தப்பவும் இதே மூஞ்சிதான்."

சாந்தமேரி ரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூட அசையவில்லை. புழுக்கத்தில் அவளுக்கே மூச்சு முட்டியது. அவன் போனான். பூட்ஸ் படியில் இறங்கியது. கீழே கதவு சாத்திக்கொண்டது.

'ஹஹ்…'

நெடுநேரம் தண்ணீருக்குள் இருந்தவர்கள் மேலே வந்ததும் ஒரு மூச்சு இழுப்பார்களே, அது. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து. ரேக்குத் தாள்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து நின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் அவள் ஏன் மறுபடி அந்த அறைக்குப் போனாள் என்று கேட்பீர்கள். வேறென்ன செய்வாள்? வீட்டில் சொல்லித்தான் பார்த்தாள். "பொறாமையில பேசாத. மூத்தவ நீ இருக்க, எளையவளுக்கு நல்ல இடம் அமைஞ்சிடுச்சுன்னு வயித்தெரிச்சல்" என்றார் அப்பா. ரேக்கு மூச்சு விட்டது என்று சொல்லி எந்த அப்பன் கிராணி மாப்பிள்ளையை வேண்டாம் என்பான்?

வெள்ளிக்கிழமை லூசி வந்தாள். படத்தின் உடம்பை எழுத மாதிரிக்கு அவளைத்தான் உட்காரவைக்க வேண்டும். ஊதாச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"செத்தவ சேலைய உடுத்தி உக்காரச் சொல்ற. அடுத்து அவ புருஷன கட்டிக்கணும். எனக்கு எல்லாமே பழசு லா, அக்கா."

"வாய மூடிட்டு அசையாம இரு, கழுத."

ரயில்வே யார்டில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

சங்கு ஓய்ந்தது. லூசி இருமினாள்.

"அக்கா…"

"அசையாதன்னேன்ல."

"அக்கா… மூச்சு…"

திரும்பிப் பார்த்தாள்.

லூசியின் தலை பின்னால் மடங்கியிருந்தது. யாரோ முகத்தைப் பிடித்து அழுத்துகிற மாதிரி. மூக்கு நசுங்கியிருந்தது. யாரும் இல்லை.

உதட்டில் பஞ்சு.

வழுவழுப்பான பஞ்சு.

சாந்தமேரி ஓடினாள். ஜன்னல் தாழைப் பிடுங்கினாள். காற்று உள்ளே பாய்ந்தது. புத்தகத்திலிருந்த ரேக்கு அத்தனையும் பறந்தது. அறை முழுக்கப் பொன்…

லூசி மூச்சை இழுத்தாள். அழுதாள். பிழைத்தாள்.

பறந்த ரேக்கு தரையில் இல்லை. கூரையில் இல்லை.

படத்தில் இருந்தது. வாயில் மட்டும்.

அங்கே பிசின் தடவவில்லை.

தொட்டாள்.

ஈரம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. "தடை அறிந்தவர்கள்…" என்று சாமியார் வாசித்து முடிக்கவில்லை, சாந்தமேரி எழுந்து நின்றாள்.

"தடை இருக்கு, சாமி."

கோயிலே திரும்பியது. அப்பா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உக்காருடி, மானத்த வாங்காத!"

"என்ன தடை?" என்றார் சாமியார்.

ரேக்கு, பஞ்சு, மூச்சு… எதைச் சொல்வாள்?

"இஞ்ஞாசியம்மா சாகும்போது பக்கத்துல யார் இருந்தாங்கன்னு அவரையே கேளுங்க, சாமி."

எல்லோரும் கிரிகரியைப் பார்த்தார்கள். அவன் எழவில்லை. வலது கை மெல்ல மேலே வந்து அவன் வாயையே பொத்திக்கொண்டது. அதை எடுக்க அவனால் முடியவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். லூசி.

"எனக்கும் வேணாம், சாமி."

கல்யாணம் நின்றது. கிரிகரி படத்தைக் கேட்டு வரவேயில்லை. வடக்கே எங்கோ மாற்றல் வாங்கிக்கொண்டு போனான் என்று கேள்வி. அப்பா பல மாதம் சாந்தமேரியிடம் பேசவில்லை. படம் பட்டறை மூலையில், சுவரைப் பார்த்தபடி நின்றது. ரேக்கு அதன் பிறகு அசையவில்லை. உதட்டில் பஞ்சும் இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் மனப்பிரமை என்று சொல்லிவிடலாம்.

மழைக்காலத்தில் கிள்ளானிலிருந்து ஒரு பொம்பளை தேடிக்கொண்டு வந்தாள். பெயர் மாரியாயி. ஆஸ்பத்திரியில் கூட்டுகிறவள். யார் வீட்டில் பெண் செத்தாலும் குளிப்பாட்டக் கூப்பிடுவது அவளைத்தான். கோயிலில் சாந்தமேரி கேட்ட கேள்வி ரயில் ஏறிக் கிள்ளான் வரைக்கும் போயிருந்தது.

"அந்தக் கிராணி வீட்டம்மாவ நான்தான் குளிப்பாட்டுனேன், தாயி."

"காய்ச்சல்னாங்க."

"ஒடம்பு வாடவே இல்ல. காய்ச்சல்ல கெடந்த ஒடம்பா எனக்குத் தெரியாது?"

"ஏன் அப்பவே சொல்லல?"

"யார்கிட்ட? அவரு கிராணி. நான் கூட்டுறவ."

சாந்தமேரி படத்தைத் திருப்பினாள். மாரியாயி அந்தப் பொன் வாயைப் பார்த்தாள். பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"கேதத்துல மூக்குக்குப் பஞ்சு வைப்போம்ல… அதுக்குத்தான் குனிஞ்சேன். வாய் லேசாத் தொறந்திருந்துச்சு. பல்லிடுக்குல பஞ்சு. நாக்குக்கு அடியில பஞ்சு. தொண்டை வரைக்கும்…"

"நீங்க வச்சதா இருக்கும்."

"இல்ல. அது இலவம் பஞ்சு. தலகாணிப் பஞ்சு. விரல்ல நிக்காம வழுக்குச்சு…"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் கொண்டு போனது பருத்தி, தாயி."