சுவரில் தூவிய நெல்

புதுச்சத்திரம் தாண்டியதும் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். காலையில் சிதம்பரத்தை விட்டவன். பின்னால் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். கிளியைக் கொன்றால் ஜெயில் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன்.

அது 2009. கீரப்பாளையம் பக்கம் ஒரு நெல் குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். தங்கியது சிதம்பரத்தில், ஓர் அக்கா வீட்டுத் தோட்டத்துத் தகரக் கொட்டகையில். அக்கா தனியாள், சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். விடிந்ததும் பின்சுவர் மேல் இரண்டு கை நெல் தூவுவார். முருங்கை மரத்தில் காத்திருக்கும் கிளிகள் இருபதுக்குக் குறையாமல் இறங்கும். நெல்லை அலகில் உருட்டி உமியைத் துப்பும். அவை தின்றுவிட்டுப் போகும்வரை அக்கா டீ போடமாட்டார். "அதுங்க சாப்பிடாம எனக்கு எறங்காது தம்பி" என்பார்.

ஒருநாள் நெல் தீர்ந்துவிட்டது. குடோன் மூலையில் பிரிந்து கிடந்த பழைய மூட்டையிலிருந்து அரைக் கோணி அள்ளிவந்து கொடுத்தேன். வாடகை தவிர அவருக்கு நான் கொடுத்த ஒரே பொருள் அதுதான்.

"இன்னா தம்பி, மேல வெள்ளையா இருக்கு?"

"செவத்து சுண்ணாம்புக்கா."

அப்படித்தான் நானும் நினைத்தேன். மறுநாள் காலை கிளிகள் தின்றன. அன்று மத்தியானம் குடோன் மேஸ்திரி அந்த மூலையைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"இந்த நெல்ல எவன்டா அள்ளினது? அந்துப்பூச்சிக்கு மருந்துத் தூள் போட்டு ஒதுக்கி வெச்சது. கோழி தின்னா அங்கியே சுருண்டுக்கும்."

நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் அக்காவிடமும் சொல்லவில்லை. சொன்னால் கொட்டகை போய்விடும் என்று பயந்தேன். அடுத்த நாள் காலை அவர் மறுபடி நெல் தூவினார். ஏழெட்டுக் கிளிகள்தான் வந்தன. ஒன்று தின்னாமல், சிறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. பல் விளக்கிக்கொண்டே அதைப் பார்த்தேன். அக்கா வேலைக்குப் போனதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆலப்பாக்கத்துக்கு முன்னால் சாலையின் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். நாலைந்து மைனாக்கள் கொத்திக்கொண்டிருந்தன. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் செருப்பை வீசிக் கத்திக்கொண்டே ஓடினேன். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார்.

"ஏன்யா, கிறுக்கா நீ? அதுங்க நாலு நெல்லு தின்னா உனக்கு இன்னா?"

நெல் சுத்தமான மஞ்சள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் கோணியில் மிச்சம் இருப்பது உறைத்தது. நாளை விடிந்தால் அக்கா தூவுவார். அதற்கு அடுத்த நாளும்.

அக்கா வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம்வரை ஒரு பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அங்கிருந்த ஒரு ரூபாய் போனில் காசைப் போட்டேன். அக்கா வீட்டு நம்பரை இரண்டு முறை தப்பாக அழுத்தினேன்.

"அக்கா, நாந்தான்."

"எங்க தம்பி போன? கொட்டாய தொறந்து போட்டுட்டு..."

"அந்த நெல்ல போடாதீங்கக்கா. மருந்து கலந்தது."



"எப்ப தெரியும் உனக்கு?"

"நேத்து மத்தியானம்."

"நேத்தா? காலைல பக்கத்துல நின்னு பல்லு வெளக்கினியேடா!"

"எத்தினிக்கா?"

"மரத்தடியில நாலு கெடக்குது. பூன வேலைன்னு நெனச்சி அத போட்டு அடிச்சேன். பாவம் அது." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "மிச்ச நெல்ல பொதச்சிடறேன். நீ இந்தப் பக்கம் வராத."

போனை வைத்துவிட்டார். சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. மற்ற கிளிகள் எங்கே போய் விழுந்தனவோ? செம்மங்குப்பம் தாண்டும்போது கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகளை எண்ணிக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் காலை கடலூரில், பஸ் ஸ்டாண்டில் ஆள் தேடி வந்த ஒருவர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் கொய்யாத் தோப்பில் இறக்கினார். கையில் ஒரு காலி எண்ணெய் டின்னையும் குச்சியையும் கொடுத்தார்.

"கிளித் தொல்ல ஜாஸ்தி. தட்டி வெரட்டணும், அவ்ளோதான் வேல."

"பழத்துக்கு மருந்து அடிச்சிருக்கா?"

"முந்தாநாளுதான் அடிச்சோம். ஏன், பறிச்சித் திங்கலாம்னு பாக்கறியா?" என்று சிரித்தார்.

வடக்கிலிருந்து ஒரு கூட்டம் கத்திக்கொண்டே வந்தது. முதல் கிளி கிளையில் கால் வைக்கும் முன்பே தட்ட ஆரம்பித்தேன். அவை போன பிறகும் நிறுத்தவில்லை. "யோவ், டின்னு கிழிஞ்சிடும்யா" என்று அவர் வரப்பிலிருந்து கத்தினார். நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.