பனிமேல் நின்று குறித்த ஏழாம் கூடை

வெர்னா கொஸ்கெலா பிடித்தால் பிடித்த பிடிதான். தான் செய்தது தப்பு என்று தெரிந்தாலும் ஒரு பருவமாவது போனால்தான் ஒப்புக்கொள்வாள். ஏழாம் கூடை விஷயத்தில் ஆறு கோடை போயும் வாய் திறக்கவில்லை.

மிச்சிகனின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அவளுடைய காடு. அப்பா போனபின் அவளும் தம்பி ரெய்னோவும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ரெய்னோவுக்கு மரம் வெட்டுகிற தொழில். தன் பங்கை இரண்டு குளிர்காலத்தில் மொட்டையடித்துவிட்டுப் புது லாரியில் வந்து இறங்கினான். வெர்னாவோ பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டே தன் பங்கை அப்படியே வைத்திருந்தாள். "சும்மா கிடக்கிற காட்ட வச்சு என்ன பண்ணப்போற" என்று ஊரே கேட்டது. பதில் சொல்லிச் சலித்தவள், கடைசியில் பதினெட்டு இரும்புக் கூடைகளை வாங்கிக் காட்டுக்குள் நட்டுவிட்டாள். உயிருள்ள ஒரு மரத்தையும் வெட்டாமல் டிஸ்க் கோல்ஃப் மைதானம் போடுவேன் என்று சபதம் வேறு.

அந்த ஊரில் இந்த ஆட்டம் ஆடாதவர்களை எண்ணிவிடலாம். கூடைக்கு ஒரு மேடை உண்டு, அதில் நின்று வட்டமான பிளாஸ்டிக் தட்டை வீச வேண்டும், மரங்களுக்கு நடுவே அது வளைந்து நெளிந்து போய்ச் சங்கிலி தொங்கும் கூடையில் விழ வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவன்தான் ஜெயித்தவன். வியாழக்கிழமை சாயங்காலமானால் டயர் கடை டெனிஸ் லக்காஸ் தலைமையில் ஒரு கூட்டம் வந்துவிடும். வெர்னா காப்பி போட்டு, ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டியை நறுக்கி வைப்பாள். அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் அவள் மற்ற ஆறு நாளும் வாழ்ந்தாள் என்றுகூடச் சொல்லலாம். கல்யாணம், குழந்தை ஒன்றும் இல்லாதவள். காட்டுக்குள் ஆள் சிரிக்கிற சத்தம் கேட்டால் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

எல்லாக் கூடையும் நன்றாகத்தான் இருந்தன. ஏழாவதைத் தவிர.

ஏழாம் மேடைக்கு முன்னால் ஒரு பாறை மேடிட்டு நிற்கும். அதற்கு அப்பால் இரண்டு கிழட்டு ஹெம்லாக் மரங்கள், கிளைகளைத் தாழ விரித்துக்கொண்டு. கூடை அவற்றுக்கும் பின்னால். பாறையைத் தாண்ட வேண்டுமென்றால் தட்டை மேல்நோக்கி எறிய வேண்டும், மேலே எறிந்தால் கிளையில் அடித்துப் பொத்தென்று விழும். ஆறு கோடையில் ஒருவன்கூட முதல் வீச்சில் அந்த இரண்டு மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டியதில்லை.

"இது மனுசன் வீசுறதுக்குப் போட்டதா, காக்கா பறக்கிறதுக்குப் போட்டதா?" என்பான் டெனிஸ்.

"ஒனக்குக் கை கோணல். மரத்தக் குத்தம் சொல்லாத," என்பாள் வெர்னா. அவளுடைய தட்டும் அதே கிளையில்தான் அடிக்கும். அதைப்பற்றி அவள் பேசமாட்டாள்.

ஆறாவது கோடை முடிந்த கடைசி வியாழக்கிழமை, டெனிஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வழக்கமான கிண்டல் இல்லாமல் பேசினான். "வெர்னா, நேராவே சொல்லிடறேன். பசங்களுக்கு அலுத்துப்போச்சு. பூங்கால புதுசா ஒண்ணு போட்டிருக்காங்க, அங்க போயிரலாம்ங்கறாங்க. அந்த ரெண்டு மரத்தையும் எடுத்துரு. அடுத்த கோடைக்கு நாங்க இங்கதான்."

"எடுக்கலைன்னா?"

"எனக்கு இங்கதான் புடிக்கும். ஆனா தனியா வந்து ஆட முடியாதுல்ல."

மரமா, ஆளா என்று ஒரு வாரம் மல்லுக்கட்டினாள். ஆள் இல்லாத மைதானத்தில் பதினெட்டு இரும்புக் கூடைகள் துருப்பிடித்து நிற்பதை அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. கடைசியில் ரெய்னோவுக்குப் போன் போட்டாள்.

"கோடை தொடங்குனதும் வந்து ரெண்டு மரம் வெட்டணும்."

ரெய்னோ, "யாரு, வெர்னாவா பேசறது?" என்றான்.

"ரொம்பப் பேசாத. வருவியா மாட்டியா?"

"வராம? இந்தப் போனுக்குத்தான இத்தன வருசமாக் காத்துக்கிட்டிருந்தேன்."

குளிர்காலம் வந்தது. அந்த வருடம் பனி இடுப்புக்கு மேல். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெட்டப்போகிற மரங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று பனியில் புதையாமல் நடக்கிற அகலமான பனிச்சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஏழாம் மேடை பனிக்கடியில் எங்கோ கிடந்தது. அதற்கு நேர் மேலே நின்று நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பாறை காணோம். பனி அதை முழுசாக மூடியிருந்தது. அவள் கண்ணுக்கு நேராக, இரண்டு மரங்களுக்கும் நடுவே, கிளைகளுக்குக் கீழே, வாசற்கதவைத் திறந்துவைத்தது போல வழி. வழியின் முடிவில் கூடையின் தலை எட்டிப்பார்த்தது.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் காட்டு வேலை என்றாலே குளிர்காலம்தான். சதுப்பு உறைந்து கிடக்கும், கொசு இருக்காது. வெர்னாவும் ஆறு வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு மார்ச்சில்தான் காட்டுக்குள் நடந்து, மரத்துக்கு மரம் ரிப்பன் கட்டி வழி குறித்தாள். மற்ற பதினேழும் சமதரை, பிழைத்துக்கொண்டன. இங்கே மட்டும் அவள் இடுப்பளவு பனிமேல் நின்று குறித்துவிட்டு, பனி உருகியதும் மேடையைத் தரையில் போட்டிருக்கிறாள்.

"அடிப் பைத்தியக்காரி," என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. நடுக்காட்டில் தனியாக நின்று கண்ணில் நீர் வர வரச் சிரித்தாள். மரத்தின்மேலும் தப்பில்லை, டெனிஸின் கையிலும் தப்பில்லை.

பனி உருகிய நாளிலிருந்து அவளுக்கு வேறு வேலை இல்லை. காற்றில் விழுந்து கிடந்த தேவதாரு மரத்துண்டுகளை ஏழாம் மேடைக்கு இழுத்துவந்து, அதன்மேல் நான்கு பக்கமும் பெட்டி மாதிரி அடுக்கினாள். உள்ளே கல், கல்லுக்குமேல் மண், மண்ணுக்குமேல் பலகை. முதுகு விட்டுப்போனது. கறுப்பு ஈ கடித்துக் காதெல்லாம் வீங்கியது. இடுப்புயரம் வந்ததும்தான் நிறுத்தினாள்.

ஜூன் மாத முதல் வியாழக்கிழமை கூட்டம் வந்தது. ரெய்னோவும் வந்தான், லாரியில் ரம்பத்தோடு. மரம் அப்படியே நிற்பதைப் பார்த்த டெனிஸின் முகம் தொங்கிப்போனது.

"இது என்ன, ராணியம்மாவுக்குச் சிம்மாசனமா?"

வெர்னா உயர்த்திய மேடையில் ஏறி நின்றாள். "எல்லாரும் கேளுங்க. தப்பு என்னோடதுதான். பனிமேல நின்னு குறிச்சுட்டேன். ஆறு வருசமா ஒங்களத் திட்டியிருக்கேன், அதையும் ஒத்துக்கறேன். இப்ப இதுல ஏறி ஆளுக்கு ஒண்ணு வீசுங்க. ஒருத்தன் தட்டும் தாண்டலைன்னா, ரெய்னோ, நீ ரம்பத்த எடு."

"மொதல்ல நீ வீசு," என்றான் டெனிஸ்.

இரண்டு மரங்களையும் பார்த்தாள். தட்டைக் கிடைமட்டமாக இழுத்துவிட்டாள். அது பாறையின் தலையை உரசுகிற மாதிரி போய், கிளைக்குக் கீழே நுழைந்து, அந்தப் பக்கம் வெளிச்சத்தில் இறங்கிக் கூடைக்குக் கொஞ்சம் தள்ளிப் படுத்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ஒவ்வொருவராக ஏறினார்கள். சிலர் மரத்தில் அடித்தார்கள், பலர் தாண்டினார்கள். தாண்டியவன் இறங்காமல், "இன்னொண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்று அடம்பிடித்தான். கடைசியில் டெனிஸ் ஏறினான். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வீசினான். தட்டு மரங்களுக்கு நடுவே மறைந்தது. ஒரு நொடி கழித்துக் காட்டுக்குள்ளிருந்து சங்கிலி அதிர்கிற சத்தம் கேட்டது.

ஒரே வீச்சில் கூடை. இருபது வருடமாக ஆடுகிறவனுக்கு வாழ்க்கையில் முதல் முறை. டயர் கடைக்காரன் அத்தனை கனத்தோடும் மேடையிலிருந்து குதித்துப் பாறைமேல் ஏறி ஓடினான், தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தான். கண் கலங்கியிருந்தது. இப்படி விழுந்தால், பார்த்தவர்கள் எல்லோரும் அந்தத் தட்டில் கையெழுத்துப் போடுவது வழக்கம். பேனாவை முதலில் வெர்னாவிடம் நீட்டினான். அவள் போட்டுவிட்டு ரெய்னோவிடம் கொடுத்தாள்.

"நான் மரம் வெட்ட வந்தவன். எனக்கு எதுக்கு?" என்றான் ரெய்னோ.

"கண்ணால பாத்தியா இல்லியா? போடு."

கையெழுத்துப் போட்ட ரெய்னோ, பழக்கதோஷத்தில் ஹெம்லாக் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்து, அடிமரத்தைத் தட்டி உறுதி பார்த்தான். அவ்வளவுதான். டெனிஸ் தட்டை இடுக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றான்.

"ரெய்னோ, நல்லதனமாச் சொல்றேன். அந்த மரத்துல கை வச்சே, ஒன் லாரில நாலு டயரும் இருக்காது."

வெர்னாவுக்கு அந்த இடத்திலேயே பறக்கலாம் போலிருந்தது. மறுபடி மேடையேறி அதன் முன்விளிம்பில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அடுத்த சுற்றுக்கு ஏறியவன் தன் தலைக்குமேல் வீசுவதற்காகத் தலையைக் குனிந்துகொண்டாள்.