கொஞ்சம் மெதுவாப் படிங்க, கிராணியம்மா

வாக்காளர் பதிவு மேசையில் உட்காருகிறவருக்கு இரண்டு தகுதிகள் வேண்டும்: தெளிவான கையெழுத்து, தாழ்ந்த குரல். எனக்கு முதலாவது மட்டும்தான் இருந்தது.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் கிள்ளானில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தேன். வருஷத்தில் சில வாரங்கள் வாக்காளர் பதிவு நடக்கும். அப்போது எங்களைப் பிடித்து, போஸ்ட் ஆபிஸ் வாசல், பாசார், கோயில், மண்டபம் என்று எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே ஒரு மேசையைப் போட்டு உட்கார்த்திவிடுவார்கள். இருபத்தொரு வயது ஆனதும் பெயர் தானாகப் போய்ப் பட்டியலில் ஏறிக்கொள்ளாது. நீல அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு அவரவரே நேரில் வந்து ஃபாரம் கொடுக்க வேண்டும். வருகிறவர்களில் பலருக்கு மலாயில் எழுதியதைப் படிக்க வராது. அதனால் நாங்களே நிரப்பி, எழுதியது சரிதானா என்று அவர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவோம்.

வம்பு அங்கேதான் ஆரம்பம். என் அப்பா ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வேலையாட்களை மேய்க்கிற மண்டோர். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று வேலையாட்களின் பெயரைக் கூப்பிட்டால் கடைசி லயத்து வீடு வரைக்கும் கேட்கும். சொத்து என்று ஒன்றும் வைக்கவில்லை, அந்தக் குரலை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போனார். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் என் கஷ்டம் புரியும். அந்தப் பக்கம் நின்றவர்கள் பட்டதை இப்போது நினைத்தாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பின்னால் நின்ற பெரியம்மா

கிள்ளானில் போஸ்ட் ஆபிஸ் வாசலில் மேசை. துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண் வந்து கார்டை நீட்டினாள். பெயர், முகவரி எல்லாம் எழுதி வழக்கம்போல் வாசித்தேன். பிறந்த வருஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். வயது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது என் கடமையாயிற்றே! "அப்படின்னா முப்பத்தொன்னு முடிஞ்சிருச்சு, பிரச்சினையே இல்ல" என்று கணக்கையும் போட்டு அறிவித்துவிட்டேன்.

அவளுக்குப் பின்னால் நின்ற அம்மாள் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "முப்பத்தொன்னா?" என்றார். முந்தின வாரம்தான் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த மாப்பிள்ளையின் பெரியம்மா அவர். பெண் வீட்டில் இருபத்தைந்து என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. பேனாவை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். அந்தப் பெண் அழவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "கிராணியம்மா, ஓட்டுப் போட வயசு பத்துமான்னுதான் கேட்டேன். கல்யாணத்துக்குப் பத்துமான்னு நான் கேட்கலையே."

பட்டியலில் இல்லாத பெரியவர்

ஒரு வருஷம் ஆள் போதவில்லை என்று என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்கு இரவல் கொடுத்தார்கள். அங்கே யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தினமும் சலவைச் சட்டையோடு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நிற்பார். வரிசையை நேராக்குவார். ஓட்டின் அருமையைப் பற்றி நிற்பவர்களுக்கு எடுத்துச் சொல்வார். ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து ஆட்களை அவரே கூட்டியும் வந்தார். அவர் புண்ணியத்தில் என் ஃபாரம் கட்டு மளமளவென்று குறைந்தது.

கடைசி நாள், "பிள்ளை, என்ர பேர் எங்க இருக்கெண்டு எடும். இவைக்கு ஒருக்காக் காட்டுவம்" என்றார். பட்டியலை முன்னும் பின்னும் புரட்டினேன். அவர் வேலை பார்த்த காலத்தில் ஈப்போவில் பதிந்திருக்கிறார். அங்கிருந்து வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் இடத்தை மாற்றிக் கொடுக்கவே இல்லை. வீடு மாறினால் புது முகவரிக்கு மறுபடி ஃபாரம் கொடுக்க வேண்டும், பெயர் மூட்டை கட்டிக்கொண்டு நம் பின்னால் வராது. அப்படியானால் இத்தனை தேர்தலிலும் இவர் எங்கே போய் வந்தார் என்று நினைத்தேனே தவிர, நல்லவேளையாக அதைக் கேட்கவில்லை. ஆனால் "ஐயா, உங்க பேரு இங்க இல்லவே இல்ல!" என்பது மட்டும் அப்பா கொடுத்த குரலில் வந்துவிட்டது. வரிசையே திரும்பிப் பார்த்தது. பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, இவ்வளவு சத்தமாச் சொல்ல வேணுமே? இஞ்ச நிக்கிற சனம் முழுக்க நான் புத்தி சொல்லிக் கூட்டி வந்தது."

கோயில் வாசலில்

அதே பிரிக்பீல்ட்ஸில், ஒரு வெள்ளிக்கிழமை. லோரி ஓட்டுகிற தம்பி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு மேசை முன்னால் வந்தார். பெயர் கேட்டேன், சொன்னார். அடுத்ததைக் கேட்பதற்குள் நட்சத்திரம், ராசி, மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். நான் நட்சத்திரத்தை விட்டுவிட்டு அவர் பெயரையும் முகவரியையும் வாசித்தேன். அவர் கையைக் குவித்துக் கேட்டுக்கொண்டார். பிறகு தட்டு எங்கே என்று தேடினார். இது ஓட்டுக்குப் பெயர் பதிகிற மேசை என்று சொன்னதும் அவருக்கு என்னைவிட வெட்கமாகிவிட்டது. "அர்ச்சனை இல்லன்னா எதுக்குக்கா அவ்ளோ சத்தமா படிச்சீங்க? உள்ள சாமிக்கே கேட்டிருக்கும்லா."

கால் வலி

ஊரைச் சொல்லியாயிற்று, இனி வீடு. என் மாமியாரிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. இந்த நாட்டில் இருக்கலாம், உழைக்கலாம், ஓட்டு மட்டும் கிடையாது. சுதந்திரம் வந்தபோது தோட்டத்தில் எல்லாரும் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தார்களாம். மாமனார் தமக்கு வாங்கிக்கொண்டு, பொம்பளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டார். மாமனார் போய்ச் சேர்ந்தார், சிவப்புக் கார்டு தங்கிவிட்டது. ஊரில் உள்ளவர்களையெல்லாம் பதிகிற கிராணி வீட்டில், மாமியாருக்கு ஓட்டு இல்லை. வெளியே தெரிந்தால் எனக்கு அவமானம் என்று நான் நினைத்தேன். அவருக்கு எவ்வளவு அவமானம் என்று தேர்தலன்றுதான் தெரியும்.

காலையிலேயே கட்சிக்காரர்களின் கார் எங்கள் வரிசை வீடுகளுக்கு வந்துவிடும். எல்லாரும் புதுத்துணி போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். மாமியார் அன்றைக்கு மட்டும் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்ப்பார். மறுநாள் அந்தக் கால் பாசாருக்கு நடந்தே போய் வரும். பக்கத்து வீட்டு ரோசலின் அக்கா, கர்த்தர் மேல் ஆணையாக நல்ல மனுஷி, இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விசாரிப்பார். தலைவலி என்று நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அவரும் வீட்டில்தான் இருப்பார். கார் ஹாரன் அடிக்கும்போது மாமியார் என் காதில் சொல்வார்: "காலு வலின்னு சொல்லு. நல்லாச் சத்தமாச் சொல்லு. அதுக்குத்தானே உனக்கு அந்தத் தொண்டை."

டை கட்டியவர் கேட்ட கேள்வி

ஒரு தேர்தல் முடிந்த சாயங்காலம் தைலப் புட்டியை மூடிவைத்துவிட்டு, "சாவுறதுக்குள்ள ஒரு தடவையாவது நானும் அந்தக் கார்ல ஏறணும்" என்றார். குடியுரிமைக்கு எழுதிப் போட்டோம். நெடுநாள் கழித்து நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். மலாயில் கேட்பார்கள், மலாயில் பதில் சொல்ல வேண்டும். பாசாரில் மீன்காரரிடம் மலாயிலேயே சண்டை போட்டு விலையைக் குறைக்கிற மாமியாருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று தைரியமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். எங்கே குடியிருக்கிறீர்கள், எத்தனை பிள்ளைகள் என்று சாதாரணக் கேள்விகள். மாமியார் முந்தானை நுனியைச் சுருட்டினார், பிரித்தார். வாயே திறக்கவில்லை. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பதில் முழுக்க என் தொண்டையில் நின்றது, ஆனால் துணைக்கு வந்தவர் பேசக் கூடாது. இன்னொரு முறை வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவர், வீடு நெருங்கும்போதுதான் பேசினார்: "மீன்காரன் கேட்டிருந்தா டக்குன்னு சொல்லியிருப்பேன். இவரு டை கட்டிக்கிட்டுக் கேட்கிறாரும்மா."

சத்தமாப் படி

அடுத்த முறைக்கு வீட்டிலேயே பயிற்சி நடந்தது. என் கணவர் டை கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மலாயில் கேள்வி கேட்பார். மாமியார் முதலில் சிரித்தார், பிறகு பதில் சொன்னார். தேர்விலும் சொன்னார். கடைசியில் நீலக் கார்டு வந்தது. பதிவு வாரங்கள் தொடங்கியதும், "ஃபாரத்தை வீட்டுக்கே கொண்டாரேன் அத்தை, இங்கேயே நிரப்பிடலாம்" என்றேன். முறைத்தார்.

மறுநாள் போஸ்ட் ஆபிஸ் வாசலில் வரிசை நடுவில் அவர். கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப் புடவை, தலையில் பூ. குடை பிடித்துக்கொண்டு துணைக்கு ரோசலின் அக்கா. மருமகள்தானே என்று முன்னால் வரவில்லை, முறைப்படி நின்று, முறை வந்ததும் கார்டை இரண்டு கையாலும் நீட்டினார். நிரப்பினேன். பட்ட அனுபவத்தில் அந்த வருஷம் நான் குரலைத் தாழ்த்தப் பழகியிருந்தேன். அவருக்கு மட்டும் கேட்கும்படி வாசிக்க ஆரம்பித்தேன். "கேட்கல" என்றார். கொஞ்சம் கூட்டினேன். "கேட்கலம்மா. இவ்வளவு நாளும் ஊருக்கெல்லாம் படிச்சியே, அந்த மாதிரி படி."

படித்தேன். அவர் பெயர், அப்பா பெயர், பிறந்த வருஷம், எங்கள் வீட்டு எண், தெரு. பாதியில் குரல் உடைந்துவிட்டது. அப்பாவின் குரல் என்னைக் கைவிட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். மாமியார் தலையை நிமிர்த்தி, வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே கேட்டார். அடுத்த பட்டியலில் பெயர் ஏறும், அதைச் சுவரில் ஒட்டும்போது வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன்.

அவர் நகரவில்லை. பின்னால் நின்ற ரோசலின் அக்காவின் கையைப் பிடித்து மேசைப் பக்கம் இழுத்தார். "இவகிட்ட மட்டும் மெதுவாப் பேசு" என்றார். இருவரும் எப்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அத்தனை தேர்தலிலும் சுவருக்கு இந்தப் பக்கம் தைலமும் அந்தப் பக்கம் கைக்குட்டையுமாக இருந்திருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் ஊருக்குக் கேட்கிற என்னிடம் அந்த அக்கா எப்படிச் சொல்லியிருப்பார்? என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரோசலின் அக்கா குடையை மடக்கி, குனிந்து, வரிசைக்குக் கேட்காமல் என்னிடம் கேட்டார்: "மாமிக்குக் கால் சரியாப் போச்சு. என் தலைவலிக்கு எங்கம்மா போய் எழுதிக் கொடுக்கணும்?"

ஊரார் பெயரையெல்லாம் ஊருக்கே கேட்கும்படி வாசித்துச் சம்பளம் வாங்கிய நான், இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருஷம் இருந்த சிவப்புக் கார்டை மட்டும் ஒரு தடவைகூட வாசித்ததில்லை.