யமா என்றால் மலை

எங்கள் வீட்டில் பயணத்துக்குத் திட்டம் போடுகிற ஆள் நான்தான். படித்தவர்கள் வீட்டில் இல்லையென்று சொல்லவில்லை. மகள் பார்மசியில் வேலை. மருமகன் கோயம்புத்தூர்ப் பெடியன், பாங்க் ஒன்றில் கம்ப்யூட்டர் பார்க்கிறான். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் வெம்பிளியில் வாசலில் நாலு பெட்டி கத்தரிக்காயை அடுக்கித் தொடங்கிய கடையை, பக்கத்துக் கடையையும் வாங்கி, நடுச்சுவரை உடைத்து ஒன்றாக்கி வைத்திருக்கிறவனுக்கு ஒரு மலைக்குப் போய் வரத் திட்டம் போடத் தெரியாது என்று யாரும் சொன்னால், அவர் வியாபாரம் செய்து பார்க்காதவர்.

என் வழி தனி வழி. எல்லாரும் காலையில் எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று தொடங்குவார்கள். நான் பின்னேரம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தொடங்குவேன். கடையிலும் அப்படித்தான். பூட்டுகிற நேரத்தில் கொத்தமல்லிக்கீரை ஒரு பிடிகூட மிஞ்சக்கூடாது என்று முதலில் நினைப்பேன். அங்கிருந்து பின்னுக்கு வந்தால் விடியற்காலையில் சந்தையில் எத்தனை பெட்டி தூக்கவேணும் என்பது தானாகத் தெரியும். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

யப்பான் கதையைத் தொடக்கியது மனிசி. முந்தின வருசம் அவளுக்கு மார்பில் கட்டி என்று கண்டுபிடித்து, ஒரு பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். பிறகு மருந்து, கரண்ட் பிடிப்பது, திரும்பவும் மருந்து. ஒரு வழியாக எல்லாம் முடிந்து, இனி ஆறு மாதத்துக்கு ஒருதடவை வந்தால் போதும் என்று டொக்டர் சொன்ன நாள், ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள்: "இனி என்னை மருந்து மணக்காத இடமாப் பாத்துக் கூட்டிக்கொண்டு போங்கோ."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அதுவேணும் இதுவேணும் என்று என்னிடம் கேட்டவளில்லை. கேட்க வைத்ததும் இல்லை, அதற்கு முன்னமே வாங்கிக் கொடுத்துவிடுவேன். ஆகவே அவள் வாய் திறந்து கேட்டதும் எனக்கு உசார் பிடித்துவிட்டது. ஒரு கிழமை கழித்து மகளின் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, இதுதான் என்று தொட்டுக் காட்டினாள். யப்பானில் ஒரு எரிமலை. உச்சியில் வெள்ளையாகப் புகை போகிறது. ஆட்கள் தடி ஊன்றிக்கொண்டு வரிசையாக ஏறுகிறார்கள். அடிவாரத்தில் வெந்நீர் ஊற்று. ஆவி பறக்கிற தண்ணீருக்குள் கழுத்துமட்டும் இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். காலையில் ஏறி, பின்னேரம் குளித்துவிட்டு வந்துவிடலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சாப்பாட்டு மேசையில் கூட்டம் போட்டேன். மருமகன் லாப்டொப்போடு வந்தான். நான் கேட்ட முதல் கேள்வி கடைசி பஸ். அவன் சிரித்தான். ஆனால் தேடிப் பார்த்துவிட்டு, கடைசி பஸ் மாலை ஐந்துக்கே போய்விடுகிறது, அதை விட்டால் மலையடிவாரத்திலேயே படுக்கவேண்டியதுதான் என்று சொன்னபோது சிரிக்கவில்லை. அவனும் கெட்டிக்காரன்தான், அதை நான் மறைக்கவில்லை. மலை அமைதியாக இருக்கிறதா குமுறுகிறதா என்று அந்த நாட்டு அரசாங்கம் ஒவ்வொரு மலைக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறது, ஒன்று என்றால் போகலாம், கூடினால் பாதையை மறித்துவிடுவார்கள் என்று கண்டுபிடித்தது அவன்தான். கந்தகப் புகை மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்குக் கூடாது என்று மகள் சொன்னாள். என்னை ஊதவைத்து நுரையீரலைப் பார்த்த நர்ஸ் மெசினையே சந்தேகப்பட்டது அவளுக்கு ஞாபகமில்லை.

மலையேறிப் பழகுவதற்காக வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வேயில் ரயிலால் இறங்கி, ஹைகேற் முருகன் கோயில்வரைக்கும் அந்த ஏற்றத்தை நடந்தே ஏறினோம். பஸ் பக்கத்தால் போகும், ஏறமாட்டோம். மலைச் சப்பாத்துப் போட்டு, முதுகில் பையும் மாட்டிக்கொண்டு அருச்சனைத் தட்டோடு போய் நின்றால் ஐயரே ஒருமாதிரிப் பார்த்தார். நான் எல்லாரிடமும் சொன்னேன்: உச்சிக்குப் போகிறோம், பாதியில் திரும்புகிற பழக்கம் எனக்கில்லை. கோயிலில் சொன்னேன், கடையில் சொன்னேன், தலைமயிர் வெட்டுகிற இடத்திலும் சொன்னேன். மனிசி என்னைவிட முன்னால் நடந்தாள். அதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

இப்படி எல்லாம் வாய்த்து வந்தபோதுதான் மருமகன் ஒருநாள் குளிக்கிற இடத்தின் சட்டதிட்டங்களை வாசித்தான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இறங்குமுன் சவர்க்காரம் போட்டு வடிவாகக் கழுவவேணும். தண்ணீருக்குள் உடுப்பு ஒன்றும் கூடாது, நீச்சலுடுப்பும் கூடாது. சின்னத் துவாய் ஒன்று தருவார்கள், அதையும் தண்ணீரில் நனைக்காமல் தலையில் வைத்துக்கொள்ளவேணும்.

வாசித்து முடித்தபிறகுதான் அவனுக்கு விளங்கியது, ஆண்கள் பக்கத்தில் இறங்கப்போவது அவனும் நானும் என்று. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அவன் லாப்டொப்பைப் பார்த்தான், நான் ஜன்னலைப் பார்த்தேன். "நான் வெளியில உக்காந்து டீ குடிக்கிறேன் மாமா, நீங்க குளிங்க," என்றான் மெல்ல. மகள் மேசையில் கையால் தட்டித் தட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மனிசி தேத்தண்ணி போடவென்று எழும்பிப் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் சொன்னாள்: "நான் யப்பானுக்கு வரேல்லை. நீங்கள் பிள்ளையளோட போட்டு வாங்கோ."

ஏனென்று கேட்டால், மலையின் பெயர் சரியில்லையாம். அந்த மலையின் பெயர் யமா என்றுதான் முடியும். அதைவிட, மருமகன் காட்டிய வரைபடத்தில் சுற்றியிருக்கிற மலையில் பாதிக்குப் பக்கத்திலும் யமா, யமா என்று எழுதியிருந்தது. "இப்பதான் யமன்ர வாசல் மட்டும் போட்டுத் திரும்பி வந்தனான். பேந்தும் ஏன் அவரைத் தேடிக்கொண்டு டிக்கெட் போட்டுப் போவான்?" என்றாள்.

இது எனக்குச் சின்ன வேலை. என் கடைக்கு வெள்ளை முள்ளங்கி வாங்க வருகிற யப்பான்கார அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் வந்ததும் முள்ளங்கியில் நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன். யமா என்றால் வெறும் மலை, அவ்வளவுதான் என்றார். அதே எழுத்தைச் சில மலைகளுக்குச் 'சான்' என்றும் வாசிப்பார்களாம். நான் யமனைப் பற்றிச் சொன்னதும், ஓ, அவர் எங்களிடமும் இருக்கிறார், பெயர் கொஞ்சம் வேறு, நரகத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லுகிறவர் என்று சந்தோசமாகச் சொன்னார். அந்தக் கடைசித் துண்டை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எந்தக் காயை மேலே அடுக்குவது, எதை அடியில் வைப்பது என்று எனக்குத் தெரியும்.

மனிசி குசினியில் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்திருந்த மருமகன் பக்கத்தில் தேத்தண்ணியோடு இருந்தான். நான் வெற்றியோடு போய்ச் சொன்னேன்: "யமா எண்டால் மலை. வேற ஒண்டுமில்லை. பிடிக்காட்டில் 'சான்' எண்டு சொல்லும், அதுவும் மலைதான்."

அவள் தலை நிமிரவில்லை. "சானோ, சனியோ? யமனுக்கும் சனிக்கும் ஒரே தகப்பன். தமையன் வேண்டாமெண்டு சொன்னால், தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து நிக்கிறியள்."

மருமகனுக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்துவிட்டது. நானும் சிரித்திருப்பேன், ஆனால் ஒன்றைக் கண்டேன். மனிசி பகிடி விட்டால் முதலில் சிரிக்கிறவள் அவள்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. பயிற்றங்காயைப் படக் படக்கென்று முறித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு இரவு படுக்கமுன் யோசித்தேன். இவள் ராகுகாலத்தில் கடையைத் திறக்கச் சொன்னவள். ஆட்கள் வாசலில் நிற்கும்போது என்ன ராகு, என்ன கேது என்று என் கையிலிருந்த திறப்பைப் பறித்துத் தானே திறந்தவள். இவளுக்கு ஒரு பெயரில் பயமா? கடையில் ஒருவர் கத்தரிக்காயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முத்தல் என்று சொல்லி வைத்துவிட்டுப் போவார். முத்தலுக்காக வைக்கவில்லை என்று எனக்கு முகத்திலேயே தெரியும். அதை அறியாமலா இத்தனை காலம் கல்லாவில் நின்றேன்.

வெள்ளிக்கிழமை வழமைபோல் கோயிலுக்குக் கூப்பிட்டேன். வந்தாள். ஏற்றத்தில் முன்னால் நடந்தாள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, பஸ் தரிப்பில் இருந்த வாங்கில் இருவரும் இருந்தோம். பஸ் வந்தது, போனது.

"யமனை விடும்," என்றேன். "என்ன விசயம்?"

கொஞ்ச நேரம் விபூதிப் பொட்டலத்தை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "மலையில எனக்கென்ன பயம். தண்ணியிலதான்."

"சுடுமெண்டோ?"

"தம்பி வாசிச்சதைக் கேட்டனீங்கள்தானே. ஒரு துண்டும் ஏலாதாம். நான் குறுக்குக்கட்டு இல்லாமல் குளிச்சதே இல்லை, தனியக் குளிச்சாலும். இப்ப அந்தக் குறுக்குக்கட்டே நிக்குதில்லை. இழுத்துக் கட்டினாலும் ஒரு பக்கம் வழுகி விழுது. பிடிக்க அங்க ஒண்டுமில்லைத்தானே. பிள்ளையும் பக்கத்தில நிப்பாள். அவள் இன்னும் காணேல்லை. நான் காட்டவும் மாட்டன்."

குறுக்குக்கட்டு என்றால், எங்கள் பக்கத்துப் பெண்கள் குளிக்கும்போது பாவாடையை மார்புக்குக் குறுக்கே இழுத்து, முனையைச் செருகி வைக்கிற கட்டு. கிணற்றடியில் அதோடுதான் நிற்பார்கள். லண்டனில் கதவு பூட்டிய குளியலறைக்குள்ளும் அவள் அதோடுதான் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். அது வழுகுகிறது என்று தெரியாது.

அந்தக் காயம் எனக்குப் புதிதில்லை. ஆஸ்பத்திரியால் வந்தபிறகு மருந்து வைத்துக் கட்டியது நான். காயத்து நீர் வடியப் பக்கத்தில் தொங்கிய குழாயையும் போத்திலையும் ஒவ்வொரு நாளும் வெறுமையாக்கியது நான். வீட்டுக்கு வந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, முந்தி இந்த வேலை செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். பழுத்த தக்காளிப்பழத்தை நசியாமல் எடுத்து வைத்த கை என்று சொன்னேன்.

"அப்ப மலையை மட்டும் பாத்திட்டு வருவம்," என்றேன்.

"மலை ஆருக்கு வேணும்? அந்தத் தண்ணியைப் பாத்துத்தான் நான் அந்த இடத்தைக் கேட்டனான். இந்தக் கை தோளுக்கு மேல எழும்புதில்லை, உங்களுக்குத் தெரியும்தானே. கழுத்துமட்டும் ஒருக்கா இருக்கவேணும் எண்டு ஆசையாக் கிடந்தது." அடுத்த பஸ் வந்தது. "விடுங்கோ," என்று எழும்பினாள்.

நான் விடுகிற ஆளில்லை.

வீட்டுக்கு வந்ததும் மருமகனுக்குப் போன் போட்டேன். கதவு பூட்டித் தனியாகக் குளிக்கிற வெந்நீர் அந்த ஊரில் இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். ஏனென்று சொல்லவில்லை. அவன் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். எனக்கு வெட்கம் என்று நினைத்துவிட்டான். அவன் குரலில் எவ்வளவு நிம்மதி. அவன் மகளுக்குச் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை மகள் வாசலுக்குள் நுழையும்போதே, "அப்பா, யூ ஆர் ஸோ ஷை," என்று கன்னத்தில் கிள்ளினாள். சந்தையில் லொறிக்காரன்களோடு மல்லுக்கு நின்ற மனிசனுக்குத் துவாயைக் கழற்ற வெட்கமாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வேறு விசயமென்றால் வாயை மூடு என்றிருப்பேன். ஓம் பிள்ளை, வெட்கம்தான் என்று சொன்னேன். மனிசி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

மருமகன் லாப்டொப்பைத் திருப்பிக் காட்டினான். அடிவாரத்தில் ஒரு சின்ன விடுதி. பின்பக்கம் மரத்தால் செய்த ஒரு அறை, அதற்குள் மரத்தொட்டி, ஒரு பக்கம் திறந்தால் காடு. குடும்பமாகக் குளிக்கிறவர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவார்கள். எனக்கு வெட்கம் என்பதால் நான் தனியாக அதில் குளிக்கலாம் என்றான். அதெப்படி, நானும் உன் அத்தையும் என்றேன். அவன் காது சிவந்துவிட்டது, ஆனால் வாய் திறக்கவில்லை. நல்ல வளர்ப்பு.

பிறகுதான் சிக்கல் வந்தது. நாங்கள் போகிற நாளில் மத்தியான நேரம் மட்டும்தான் இடமிருந்தது. மற்றதெல்லாம் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"ஆனா மாமா," என்று தயங்கினான், "மத்தியானம் தண்ணியில இருக்கணும்னா உச்சிக்குப் போக முடியாதுங்க. பாதியில திரும்பணும். நீங்க எல்லார்கிட்டயும் உச்சின்னு..."

சொன்னேன்தான். கோயில், கடை, முடி வெட்டுகிற இடம், எல்லா இடமும். திரும்பி வந்தால் படம் காட்டு என்று கேட்பார்கள். கேட்கட்டும். இந்த ஊரில் நான் வாயால் பிழைத்தவன், அதற்கும் ஒன்று சொல்லுவேன்.

"உச்சியில புகைதான் தம்பி இருக்கு," என்றேன். "புகை பாதியில நிண்டாலும் தெரியும். குளியலைப் போடும்."

மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

மனிசி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மருமகனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, கண்ணாடியை மாட்டி அந்தப் படத்தைக் கிட்டப் பார்த்தாள். மரத்தொட்டியைப் பார்த்தாள். கதவைக் கனநேரம் பார்த்தாள்.

"கொண்டி எந்தப் பக்கம் தம்பி?"

"உள் பக்கம்தான் அத்தை. நம்ம திறந்தாத்தான் உண்டு."

"எவ்வளவு நேரம் விடுவினம்?"

"ஒரு மணி நேரம்."

"காணாது," என்றாள். "ரெண்டாப் போடுங்கோ."

மருமகன் என்னைப் பார்த்தான். இரண்டு மணித்தியாலம் என்றால் இன்னும் முந்தியே இறங்கவேணும், பாதி மலையும் இல்லை, கால் மலைதான். போடச் சொன்னேன்.