நாலடி பத்து

மகளுக்குப் பன்னிரண்டு வயது. முன்பெல்லாம் ஆண்டுக்கு இரண்டு அங்குலம் வளர்ந்தவள், கடந்த ஆண்டு ஒன்றரைதான் வளர்ந்தாள். என் நாட்குறிப்பில் எல்லாம் இருக்கிறது. உயரம் போதாதென்று பாடசாலை வலைப்பந்து அணியில் சேர்க்கவில்லை என அழுதுகொண்டு வந்தாள். மறுநாளே ஊர்காவற்றுறையில் உள்ள கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மருத்துவர் இளம் பெண். மகளைச் சுவரோடு நிறுத்தி அளந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“அம்மாவின்ர உயரம்?”

“நாலடி பத்து. நூற்றி நாப்பத்தேழு சென்ரிமீற்றர்.”

“அப்பா?”

“ஐஞ்சடி ஏழு. நூற்றி எழுபது.”

தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். பெண்பிள்ளை என்பதால் தகப்பனின் உயரத்தில் பதின்மூன்றைக் கழித்து, தாயின் உயரத்தைக் கூட்டி, பாதியாக்க வேண்டுமாம். நூற்று ஐம்பத்திரண்டு வந்தது. மகள் வளர்ந்து முடிந்தாலும் ஐந்தடியைத் தாண்ட மாட்டாள்.

“பயப்பிடாதேங்கோ. அம்மா கட்டை, அதுதான் பிள்ளையும் கட்டை. சோதினை ஒண்டும் தேவையில்லை. ஆறு மாதத்தாலை வாங்கோ.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“டொக்டர், நாலடி பத்து என்ர உயரமில்லை,” என்றேன்.

“அப்ப ஆற்றை?”

இதே தீவில், கரம்பொனில் எங்கள் குசினிக் கதவுநிலையில்தான் நானும் தங்கையும் உயரம் குறித்துவந்தோம். எங்களுக்குள் பதினொரு மாத வித்தியாசம். ஒவ்வொரு மாதமும் முதலாந் திகதி, தலையில் கொப்பியைத் தட்டையாக வைத்து, பென்சிலால் ஒரு கோடு. அவள் மெல்லக் குதியை உயர்த்துவாள். நான் கொப்பியிலிருந்து ஒற்றை ஒன்றைக் கிழித்து அவளது குதிக்குக் கீழே செருகிப் பார்ப்பேன். ஒற்றை உள்ளே போனால் கள்ளம்.

“வந்திட்டா கச்சேரிக் கிளாக்கர்,” என்று அரசாங்கக் கந்தோர்க்காரரைப் போல என்னைக் கேலி செய்வாள். “ஒற்றையில்லாமல் ஒண்டும் நம்பமாட்டா.”

கள்ளமில்லாமல் அளந்தால் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே கோடுதான்.

சண்டையால் தீவை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இருவரும் நாலடி ஏழு. சில மாதங்களில், பிள்ளையில்லாத மாமி தங்கையைக் கனடாவுக்கு எடுத்துக்கொண்டார். ஒருவரைத்தான் எடுக்க முடிந்தது. நான் அம்மா அப்பாவுடன் யாழ்ப்பாணத்தில் முதலில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலும் பிறகு வேறு வேறு வீடுகளிலும் இருந்தேன். மீன்பிடிக்கத் தடை இருந்த காலம். தீவிலே பிறந்த நாங்கள் மாதக்கணக்கில் மீனைக் கண்ணால் காணவில்லை. நிவாரண அரிசி, பருப்பு. பால்மா கிடைத்தால் அது கைக்குழந்தைகளுக்கு. எனக்கு இரண்டு தரம் மலேரியா வந்தது. பதினாறு வயது முடியத்தான் பெரியபிள்ளையானேன்.

தங்கையின் கடிதங்கள் எங்கெங்கோ சுற்றி வந்து சேரும். முதல் வரியில் அவளது உயரம் இருக்கும். ஐந்தடி. ஐந்தடி மூன்று. கடைசியில் ஐந்தடி ஐந்து. ‘மாமி பாலைப் பருக்கிப் பருக்கியே சாக்காட்டுறா. நீ எவ்வளவு?’ நானும் ஒழுங்காகப் பதில் எழுதினேன். நாலடி எட்டு. மறுபடியும் நாலடி எட்டு. நாலடி ஒன்பது. பதினேழு வயதில் ஒருநாள் ‘ஐந்தடி’ என்று எழுதி ஒட்டிவிட்டேன். என் வாழ்நாளில் நான் பிழையென்று தெரிந்தே எழுதிய அளவு அது ஒன்றுதான்.

அவள் முதன்முறை ஊருக்கு வந்தபோது இருவருக்கும் முப்பது கடந்திருந்தது. வேலணையில் பஸ்ஸால் இறங்கி என்னைப் பார்த்தாள். குதி உயர்ந்த செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தார் றோட்டில் நின்றாள். அப்போதும் நான் அவளுடைய நாடி மட்டத்துக்குத்தான் வந்தேன்.

“ஐஞ்சடி எண்டெல்லே எழுதினனீ?”

“குதியை உயர்த்தி அளந்தனான்.”

“கள்ளி. ஒற்றை வச்சுப் பாக்க நான் இருக்கேல்லை எண்டுதானே!”

சிரித்தாள். பிறகு வெயில் சுட்ட அந்த றோட்டிலேயே என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

இவ்வளவையும் மருத்துவரிடம் சொல்லவில்லை. வெளியே பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

“பன்னிரண்டு வயது மட்டும் எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே உயரம், டொக்டர். அவ கனடாவிலை வளந்தவ, ஐஞ்சடி ஐஞ்சு. நான் இஞ்சை சண்டைக்குள்ளை வளந்தனான். உந்தக் கணக்கிலை என்னைப் போட்டீங்களெண்டால், அந்தப் பட்டினியைப் பரம்பரை எண்டு எழுதினதாப் போயிடும்.”

அவர் பேனையை உருட்டியபடி என்னைப் பார்த்தார்.

“ஒரே தாய் தேப்பனோ?”

“ஓம்.”

நூற்று நாற்பத்தேழை வெட்டி, நூற்று அறுபத்தைந்து என்று எழுதி, மறுபடியும் கூட்டிப் பாதியாக்கினார். நூற்று அறுபத்தொன்று. மகளின் அளவைத் திரும்பவும் பார்த்தார். என் நாட்குறிப்பைக் கேட்டு வாங்கி, கடந்த ஆண்டின் ஒன்றரை அங்குலத்தில் விரலை வைத்தார்.

“பிள்ளைக்குக் களைப்பு வாறதோ? குளிர் தாங்கமாட்டாவோ?”

“மார்கழியிலை ரெண்டு போர்வை, டொக்டர்.”

“அப்ப இரத்தம் குடுத்திட்டுப் போங்கோ. உது பரம்பரையெண்டு விடேலாது.”

ஊசியைக் கண்டதும் மகள் என் கையை நசுக்கினாள். “நீங்கள் நாலடி பத்தோடை பேசாமல் இருந்திருக்கலாம், அம்மா.”

இரண்டு கிழமையில் முடிவு வந்தது. தைரொயிட் சுரப்புக் குறைவு. காலையில் வெறுவயிற்றில் ஒரு சின்னக் குளிசை போட்டு வந்தால் போதுமாம்.

இன்று முதலாந் திகதி. மகளைக் குசினிக் கதவுநிலையில் நிறுத்தி அளந்தேன். குளிசை தொடங்கி ஐந்து மாதம், ஒன்றேகால் அங்குலம். கனடாவிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த தங்கை கத்தினாள்.

“கிளாக்கர்! ஒற்றை வச்சுப் பாத்தனியோ?”

குனிந்து செருகிப் பார்த்தேன். உள்ளே போகவில்லை.